படகு டிரெய்லரும் வீல் பேரிங்கும்: கொஞ்சம் கணக்கு, நிறைய கிரீஸ்

இந்தக் குறிப்பை எழுத வைத்தது ஒரு சக்கரம்.

போன ஆடி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஜி.என்.டி. ரோட்டில் தெற்கே வந்துகொண்டிருந்தோம். முன்னால் பொலேரோ, பின்னால் டிரெய்லரில் எங்கள் 14 அடி ஃபைபர் படகு. கவரப்பேட்டை தாண்டியாச்சு, தச்சூர் கூட்டு ரோடு இன்னும் வரவில்லை. ‘டக்’ என்று ஒரு சத்தம், வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. என்னவென்று திரும்பிப் பார்ப்பதற்குள் இடது பக்கமாக ஒரு சக்கரம் எங்களை முந்திக்கொண்டு போனது. எங்கள் சக்கரம்தான். சினிமாவில் பார்த்தால் சிரித்திருப்பேன். ஆனால் அது போன திசையில் ரோட்டோரம் ஒரு அம்மாவும் ஒரு சின்னப் பெண்ணும் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டடி தள்ளிப் போய் மதகுச் சுவரில் மோதி விழுந்தது. அந்த அம்மா எங்களைத் திட்டக்கூட இல்லை. குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

யார் தப்பு என்று ரொம்பத் தேட வேண்டியிருக்கவில்லை. ஆக்ஸில் முனையில், ஸ்பிளிட் பின் இருக்க வேண்டிய ஓட்டையில், ஒரு துண்டு பைண்டிங் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் போட்டது நான். மூன்று வாரம் முன்னால் ஏரிக்கரையில் டஸ்ட் கேப்பைக் கழற்றிப் பார்த்தபோது பழைய பின் துருப்பிடித்து உடைந்துபோனது. கையில் வேறு பின் இல்லை. பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து ஒரு கம்பியை வாங்கி முறுக்கிவிட்டு, ‘வீட்டுக்குப் போய் மாத்திக்கலாம்’ என்று விட்டேன். சாஃப்ட்வேர்காரன் புத்தி அது. கோடில் ‘பிறகு சரிசெய்யவும்’ என்று ஒரு கமெண்ட் எழுதிவிட்டு இரண்டு வருஷம் அப்படியே ஓட்டுவோமே, அதே மாதிரி.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பி.இ. மெக்கானிக்கல் படித்துவிட்டு இருபது வருஷமாக கம்ப்யூட்டர் வேலை. ஓய்வு நேரத்தில் பழவேற்காடு ஏரியின் உப்புத்தன்மையையும் ஆழத்தையும் அளந்து நோட்டில் எழுதிவைக்கிற பைத்தியம். உள்ளூர் மீனவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் ஏரியில் இறங்குவோம். அங்கே படகை நிறுத்தி வைக்க எங்களுக்கு இடம் கிடையாது. பிழைப்புக்குப் படகு வைத்திருப்பவர்களின் இடத்தை நாம் பிடிக்கவும் கூடாது. அதனால் படகு என் சித்தப்பா பையனுடைய ஃபேப்ரிகேஷன் ஷெட்டில், கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம், டிரெய்லர் மேலேயே குடியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பொன்னேரி வழியாக ஏறக்குறைய 35 கி.மீ. இழுத்துப்போய், டிரெய்லரோடு தண்ணீருக்குள் இறக்கி, படகை மிதக்க விடுவோம். திரும்பும்போது அதே மாதிரி ஏற்றுவோம்.

அன்றைக்கு ஹப்பைத் தூக்கிக்கொண்டு லாரி ஹப் வேலை பார்க்கிற ஒரு அண்ணனிடம் போனேன். முப்பது வருஷத்துக்கு மேல் அவருக்கு இதே தொழில். உடைந்த பேரிங்கைக் கையில் உருட்டிப் பார்த்தார். கம்பிக் கதையை நானே ஒப்புக்கொண்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, “கம்பி கடைசித் தப்பு தம்பி. மொதல் தப்பு தண்ணி. ஏரிக்குப் போனதும் உடனே தண்ணில எறக்கிடறியா?” என்றார். ஆமாம் என்றேன். “அதான். வண்டிய ஓரங்கட்டு, ஒரு டீ குடி, அப்புறம் எறக்கு.”

இது என்ன சாஸ்திரம் என்று முதலில் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த டீ சரியான டீ.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். டிரெய்லர் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப் ஒரு கனமான இரும்புக் குடம். மாட்டு வண்டியிலும் சக்கரத்தின் நடுக்கட்டைக்குக் குடம் என்றுதானே பெயர். இந்தக் குடத்துக்குள் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங் எதிரெதிராக உட்கார்ந்திருக்கும். உள்பக்கம் பெரியது, வெளிப்பக்கம் சிறியது. ஒவ்வொன்றிலும் ஹப்போடு இறுகி நிற்கிற கப், ஆக்ஸிலில் செருகுகிற கோன், கோனைச் சுற்றிக் கூண்டுக்குள் சரிவான ரோலர்கள். உள்பக்கக் கடைசியில் ரப்பர் உதடு வைத்த ஆயில் சீல். வெளிப்பக்கம் நாக்கு வைத்த ஒரு வாஷர், பல் வெட்டிய கேசில் நட், அது சுற்றாமல் இருக்க ஸ்பிளிட் பின், எல்லாவற்றையும் மூட ஒரு தகர டஸ்ட் கேப். அவ்வளவுதான். சரிவான ரோலரின் சிறப்பு, மேலிருந்து வரும் எடையையும் திருப்பத்தில் பக்கவாட்டில் வரும் தள்ளலையும் ஒன்றாகத் தாங்குவது. 1898ல் இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய ஹென்றி டிம்கென் குதிரை வண்டி செய்கிறவர். வண்டி திரும்பும்போது அச்சில் வருகிற உரசல்தான் அவருக்குத் தலைவலியாக இருந்தது.

நம் ஊரில் அதே தலைவலிக்கு வேறு மருந்து இருந்தது. என் தாத்தா வண்டியின் அடியில் ஒரு மூங்கில் குழாய் தொங்கும். அதில் வண்டி மை இருக்கும். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மசகு. சக்கரம் கழன்று வராமல் இருக்க அச்சின் முனையில் கடையாணி. இன்றைய ஸ்பிளிட் பின் அந்தக் கடையாணியின் பேரன்தான். கடையாணிக்குப் பதில் கயிறு கட்டிப் போயிருந்தால் தாத்தா என்னை வண்டியிலேயே ஏற்றியிருக்க மாட்டார்.

இப்போது பேரிங்குக்கு எவ்வளவு ஆயுள் என்று பார்ப்போம். எங்கள் டிரெய்லரில் உள்பக்கம் 30206. இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் கடையில் ஏமாற வேண்டியதில்லை. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம்: 06 என்றால் 30 மி.மீ. முதலில் வருகிற 3 டேப்பர் ரோலரைக் குறிக்கிறது. இதன் வெளிவிட்டம் 62 மி.மீ. பேரிங்கின் தாங்குதிறன் சுமார் 40 கிலோநியூட்டன் என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். எங்கள் படகு, மோட்டார், டிரெய்லர் எல்லாம் சேர்த்து 600 கிலோ. சக்கரத்துக்கு 300 கிலோ, அதாவது 3 கிலோநியூட்டன். அது முழுவதையும் ஒரே பேரிங் தாங்குவதாகவும், பள்ளம் மேடுகளுக்காக இன்னும் ஒன்று சேர்த்து 4 என்றும் எடுத்துக்கொள்கிறேன். 40ஐ 4ஆல் வகுத்தால் 10. ரோலர் பேரிங்குக்கு இந்த விகிதத்தை 10/3 அடுக்குக்கு உயர்த்தினால் ஆயுள் பத்து லட்சம் சுற்றுகளில் வரும். 10ஐ அப்படி உயர்த்தினால் சுமார் 2,150. அதாவது 215 கோடிச் சுற்று. எங்கள் டயர் ஒரு சுற்றுக்கு 1.73 மீட்டர் போகும். பெருக்கிப் பாருங்கள், 37 லட்சம் கி.மீ.க்குக் கிட்டே வருகிறது. நூற்றில் தொண்ணூறு பேரிங் அவ்வளவு தூரம் ஓட வேண்டும்.

எங்களுடையது 2,000 கி.மீ.கூட ஓடவில்லை.

சுமையால் அது சாகவில்லை என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். கணக்கு, பேரிங்குக்குள் சுத்தமான மசகு மட்டும் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. தண்ணீர் வந்தால் கணக்கு வேறு. 1977ல் கேண்ட்லி என்பவர் டேப்பர் ரோலர் பேரிங்குகளை வைத்தே இதைச் சோதித்து ஒரு சூத்திரம் கொடுத்தார். எண்ணெயில் பத்து லட்சத்தில் 100 பங்கு தண்ணீர் இருக்கும்போது உள்ள ஆயுளை ஒன்று என்று வைத்தால், 400 பங்கு ஆகும்போது ஆயுள் 0.44க்கு இறங்கிவிடும். 400 பங்கு என்பது ஒரு லிட்டர் எண்ணெயில் அரை மில்லிக்கும் குறைவு, ஏழெட்டுச் சொட்டு. அவர் சோதித்தது எண்ணெயில், நல்ல தண்ணீரோடு. நம் கதை கிரீஸ், அதுவும் உப்புத் தண்ணீர். நிலைமை இதைவிட நன்றாக இருக்க வழியில்லை.

சரி, சீல் இருக்கும்போது தண்ணீர் எப்படி உள்ளே போகிறது? இங்கேதான் டீ வருகிறது.

35 கி.மீ. ஓடினால் சக்கரம் 20,000 தடவை சுற்றியிருக்கும். கிரீஸின் உரசல், பிரேக் இருந்தால் அதன் சூடு, ஆடி மாச ரோட்டின் சூடு எல்லாம் சேர்ந்து ஹப் 60 டிகிரியைத் தொடும். சூடான காற்று விரியும். விரிந்த காற்று டஸ்ட் கேப் ஓரமாகவும் சீல் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்துவிடும். ஏரிக்கு வந்து சேரும்போது உள்ளே இருப்பது சூடான, மெலிந்த காற்று, ஆனால் வெளியே இருக்கிற அதே அழுத்தத்தில். இப்போது அதை 28 டிகிரித் தண்ணீரில் முக்குகிறோம். ஹப் சட்டென்று குளிர்கிறது, காற்று சுருங்குகிறது. பிளஸ் டூ இயற்பியல்தான்: கெல்வினில் 333லிருந்து 301க்கு வருகிறது, அழுத்தம் 9.6 சதவீதம் குறைகிறது. வளிமண்டல அழுத்தம் 10.3 மீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமம். அதில் 9.6 சதவீதம் என்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர்.

இந்த ஒரு மீட்டரைக் கவனியுங்கள். படகை இறக்கும்போது ஹப் ஓரடி ஆழம்தான் முங்குகிறது. தண்ணீர் தானாகத் தள்ளுவது ஓரடி. ஹப் உள்ளே இழுப்பது மூன்றடிக்கு மேல். தண்ணீர் உள்ளே நுழைவதில்லை. ஹப்தான் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிறது.

டீ குடிக்கிற இருபது நிமிஷத்தில் ஹப் 40 டிகிரிக்கு இறங்கினால் இழுப்பு 3.8 சதவீதம், அதாவது 40 செ.மீ.க்குக் கிட்டே. பாதிக்கும் குறைவு. இதை எந்தப் புத்தகமும் படிக்காமல் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். நான் போய் கணக்கைச் சொன்னபோது அண்ணன் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. “டீ குடிச்சா உனக்கும் நல்லதுதானே தம்பி” என்றார்.

சீல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண ஒற்றை உதட்டு சீலில் உதடு உள்பக்கம் பார்த்து இருக்கும். கிரீஸ் வெளியே போகாமல் இருக்கத்தான் அது செய்யப்பட்டது. உள்ளே அழுத்தம் கூடினால் உதடு ஆக்ஸிலோடு இறுகும். வெளியே அழுத்தம் கூடினால் உதடு தூக்கிக்கொடுக்கும். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். எனவே படகு டிரெய்லருக்கு இரட்டை உதட்டு சீல்தான் வாங்க வேண்டும். விலை வித்தியாசம் ரொம்ப இல்லை. சீல் உரசும் இடத்தில் ஆக்ஸிலில் துருவோ கோடோ இருந்தால் புது சீலும் வீண். நைஸான எமரி தாள் போட்டு வழவழப்பாக்கிவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

உள்ளே போன தண்ணீர் உடனே எதையும் செய்யாது. ஓடிக்கொண்டே இருந்தால் கிரீஸ் அதைக் கொஞ்சம் சமாளித்துவிடும். கேடு நடப்பது வீட்டுக்கு வந்து நிறுத்திவைக்கிற பதினைந்து நாளில். பழவேற்காட்டுத் தண்ணீரின் உப்பு பருவத்துக்குப் பருவம் மாறும். மழைக்காலத்தில் ஆறுகள் வந்து சேரும்போது கிட்டத்தட்ட நல்ல தண்ணீர், கோடையில் கடலையே மிஞ்சும். அந்த உப்பு ஹப்பில் தங்கிவிட்டால், காய்ந்தபின்னும் காயாது. சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். நம் கடற்கரைப் பக்கம் விடிகாலையில் அந்த அளவு வருவது சர்வசாதாரணம். அதாவது மூடி போட்ட ஹப்புக்குள் ஒவ்வொரு ராத்திரியும் உப்புத் தண்ணீர் புதிதாகச் சுரக்கிறது. சக்கரம் அசையாமல் நிற்பதால் ரோலரும் கப்பும் தொடுகிற இடத்தில் ஒரு மெல்லிய துருக்கோடு விழும். கப்பைக் கழுவிப் பார்த்தால், ரோலர்களின் இடைவெளியில் வரிசையாகக் கோடுகள், சீப்பின் பல் மாதிரி. என் இரண்டு ஹப்பிலும் அது இருந்தது, வலது பக்கத்தில்கூட. அடுத்த பயணத்தில் ஒவ்வொரு ரோலரும் அந்தக் கோட்டின் மேல் ஏறி இறங்கும், உலோகம் செதில் செதிலாகப் பெயரும், சூடு கூடும், கிரீஸ் உருகி ஓடும்.

வலதும் கெட்டிருக்க, ஏன் இடது மட்டும் கழன்றது? இது ஒரு அழகான விஷயம், விட மனசு வரவில்லை. இடது சக்கரத்தை வெளியே நின்று பாருங்கள். வண்டி முன்னால் போகும்போது அது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். சாதாரண வலது மரை நட் கழல்வதும் அதே திசையில்தான். வெளிப் பேரிங் பிடித்துக்கொண்டு கோன் ஆக்ஸிலின் மேல் சுற்ற ஆரம்பித்தால், அது நட்டையும் தன்னோடு இழுத்து அவிழ்க்கும். வலது பக்கத்தில் அதே இழுப்பு நட்டை இறுக்கும். இடையில் இருக்கிற நாக்கு வாஷர் இந்த இழுப்பு நட்டுக்குப் போகாமல் தடுக்கத்தான். எங்கள் வாஷரின் நாக்கு தேய்ந்துபோயிருந்தது. வாஷர் விட்டது, கம்பி அறுந்தது. ஒரு ஸ்பிளிட் பின் இருந்திருந்தால் பேரிங் பிடித்து, புகைந்து, கீச்சிட்டு நாங்கள் ஓரங்கட்டியிருப்போம். சக்கரம் தனியாகப் போயிருக்காது. அந்த அம்மாவுக்கும் நிம்மதி.

இனி கிரீஸ். கிரீஸ் என்பது எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கிற சோப்பு. ஸ்பான்ஜும் தண்ணீரும் மாதிரி. மசகு வேலை செய்வது எண்ணெய். அதைப் பிடித்து வைப்பது சோப்பு. எந்த உலோகத்தின் சோப்பு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சோடியம் சோப்பு சூட்டைத் தாங்கும், தண்ணீரில் கரைந்துவிடும். பழைய கால்சியம் கிரீஸ் தண்ணீருக்கு அசையாது, ஆனால் 100 டிகிரி பக்கத்தில் உருகிவிடும். இரண்டையும் ஓரளவு சமாளிக்கிற லித்தியம் கிரீஸ் 1940களில் வந்தது. இன்று கடையில் ‘கிரீஸ் குடுங்க’ என்றால் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். ரோட்டில் மட்டும் ஓடுகிற டிரெய்லருக்கு அது போதும். உப்புத் தண்ணீருக்குக் கால்சியம் சல்ஃபோனேட் காம்ப்ளெக்ஸ் என்று ஒரு வகை இருக்கிறது. தண்ணீரிலும் கரையாது, துருவையும் தடுக்கும், சூட்டையும் தாங்கும். விலை அதிகம், எல்லாக் கடையிலும் கிடைக்காது. கேட்டு வரவழைக்க வேண்டும். டப்பாவில் என்.எல்.ஜி.ஐ. 2 என்று இருக்கட்டும். அது கெட்டித்தன்மையின் எண். முடிந்தால் கிரீஸின் விவரத் தாளில் ஏ.எஸ்.டி.எம். டி1264 என்ற வரியைத் தேடுங்கள். தண்ணீரைப் பீய்ச்சும்போது எவ்வளவு கிரீஸ் கழுவிப் போகிறது என்ற சோதனை. சதவீதம் குறைவாக இருந்தால் நல்லது. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நீலம், சிவப்பு எல்லாம் வெறும் சாயம்.

இரண்டு வகைக் கிரீஸைக் கலக்கக் கூடாது. சில சோப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் கூழாகி எண்ணெயைக் கைவிட்டுவிடும். பழையது என்ன என்று தெரியாவிட்டால் முழுதாகக் கழுவிவிட்டுத்தான் புதியது.

வேலை செய்யும் முறை இதுதான். சமதரையில் நிறுத்தி, மறுபக்கச் சக்கரத்துக்குக் கல் வைத்து, சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்தி, ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள். டஸ்ட் கேப்பைச் சுற்றிச் சுற்றித் தட்டி எடுத்து, பின், நட், வாஷர், வெளிப் பேரிங் என்று வரிசையாகக் கழற்றுங்கள். ஹப்பை இழுத்தால் வந்துவிடும். உள்பக்க சீலைப் பெயர்த்தால் அது கெட்டுவிடும், கெடட்டும். ஒவ்வொரு தடவையும் புதுசு போடுவதுதான் சரி.

கிரீஸைத் துடைக்கும் முன் நின்று பாருங்கள். உள்ளே நடந்த எல்லாவற்றையும் அது சொல்லும். தேன் நிறத்தில் வழவழப்பாக இருந்தால் சந்தோஷம். வெளுத்து, தயிர் கடைந்த மாதிரி இருந்தால் தண்ணீர் வந்திருக்கிறது. விரலில் தேய்த்தால் மினுமினு என்று இருந்தால் அது உலோகத் தூள். கருகி வாடை வந்தால் சூடு. பிறகு எல்லாவற்றையும் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி, பஞ்சு ஒட்டாத துணியால் துடைத்து உலர விடுங்கள். காற்றுக் குழாய் வைத்து பேரிங்கை ‘விர்ர்’ என்று சுற்றவிடுவது எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் ஒரு விளையாட்டு. மசகில்லாத பேரிங் அப்படிச் சுற்றினால் கெட்டுப்போகும், கூண்டு உடைந்தால் ரோலர் தெறித்துக் கண்ணில் அடிக்கும். கப்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேயாவது மாட்டினால் கப், கோன் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய கப்பில் புதுக் கோன் போடுவது நாலு காசு மிச்சம் பிடித்து நாற்பது காசு இழக்கிற வேலை.

கிரீஸ் வைப்பதில் ஒரே ஒரு நுணுக்கம். மேலே பூசினால் போதாது, ரோலருக்கு நடுவே போக வேண்டும். இடது உள்ளங்கையில் ஒரு எலுமிச்சம்பழ அளவு கிரீஸ். பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் குத்திக் குத்தி இழுங்கள். மறுபக்கம் ரோலர் இடுக்கிலிருந்து புழு மாதிரி கிரீஸ் வெளியே வரும்வரை. அப்படியே சுற்று முழுக்க. கை அழுக்காகும், வேறு வழியில்லை.

ஹப்பின் நடுக் குழியில் எவ்வளவு போடுவது என்பதில் சண்டை உண்டு. கார்களுக்குப் பாதிக்கு மேல் வேண்டாம் என்பார்கள், வேகத்தில் கடைந்து சூடாகும் என்று. நாங்கள் 40 கி.மீ. வேகத்தில் போகிறோம், நிமிஷத்துக்கு 390 சுற்றுக்கும் குறைவு. கடைசல் பெரிய பிரச்சினை இல்லை. காற்றுதான் பிரச்சினை. குழியில் 100 மில்லி காற்று இருந்தால், முன்பு சொன்ன 9.6 சதவீதக் கணக்கில், ஒரு முக்கலுக்கு இரண்டு டீஸ்பூன் தண்ணீர் உள்ளே வரலாம். 20 மில்லிதான் காற்று என்றால் இரண்டு மில்லி. எனவே படகு டிரெய்லரில் குழியை நிரப்பிவிடுவதே என் கட்சி. ஸ்பிரிங் வைத்த கிரீஸ் கேப் செய்வதும் இதைத்தான். உள்ளே எப்போதும் சுமார் 3 பி.எஸ்.ஐ. அழுத்தம் வைத்திருக்கும். அது இரண்டு மீட்டர் தண்ணீருக்குச் சமம், ஒரு மீட்டர் இழுப்பை ஜெயிக்கும். ஆனால் கிரீஸ் கன்னை ஆசையாக அடித்துக்கொண்டே போனால் பின்பக்க சீல் பிதுங்கிவிடும். அது தெரியவே தெரியாது. தவிர, அதன் வழியாக அடிக்கிற புதுக் கிரீஸ் வெளிப் பேரிங்குக்குத்தான் நேரடியாகப் போகிறது. உள்பக்கம் பழையதே இருக்கும். அந்த கேப் இருக்கிறது என்பதற்காக வருஷத்துக்கு ஒரு முறை கழற்றிப் பார்ப்பதை விட்டுவிட முடியாது.

கடைசியாக நட். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே ஸ்பானரால் இறுக்குங்கள், சக்கரம் கனமாகும்வரை. இது ரோலர்களை ஒழுங்காக உட்கார வைப்பதற்கு. பிறகு நட்டை முழுக்கத் தளர்த்தி, கைவிரலால் மட்டும் திரும்ப இறுக்கி, ஓட்டை நேராக வரும் பல் வரை பின்னால் வாருங்கள். முன்னால் போகக் கூடாது. எங்கள் ஆக்ஸில் மரையின் இடைவெளி 1.5 மி.மீ. நட்டில் ஆறு வெட்டு, அதனால் ஒரு வெட்டுக்கு 60 டிகிரி, நகர்வு 0.25 மி.மீ. இது கொஞ்சம் தாராளம். என் தம்பி ஷெட்டில் ஆக்ஸில் முனையில் 90 டிகிரி தள்ளி இன்னொரு ஓட்டை போட்டுக் கொடுத்தான். இப்போது 30 டிகிரிக்கு ஒரு நிறுத்தம், 0.125 மி.மீ. புது ஸ்பிளிட் பின் போட்டு, காலை விரித்து மடக்குங்கள். பழைய பின்னை நிமிர்த்திப் போடாதீர்கள். பாக்கெட் முப்பது ரூபாய்க்கு வாங்கிய பின் இப்போது எங்கள் டேஷ்போர்டில் கிடக்கிறது.

சக்கரத்தை மாட்டியபின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கையில் தெரிந்தும் தெரியாததுமான ஒரு அசைவு சரி. ‘கட கட’ என்றால் சரியில்லை.

இதையெல்லாம் வைத்து என் தம்பி இன்னொரு விஷயம் கேட்டான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னைக்குள் படகு வந்ததை எல்லோரும் பார்த்தோம். மீட்புக்கென்று டிரெய்லர் மேல் படகு வைத்திருக்கிறவர்கள் பதினோரு மாசம் அதைத் தொடுவதில்லை. நின்ற இடத்தில் துருக்கோடு விழுந்த பேரிங், தேவைப்படுகிற ராத்திரி, இடுப்பளவு தண்ணீரில் ஓட வேண்டும். அவனுக்குத் தெரிந்த இரண்டு டிரெய்லர்களைப் புரட்டாசியில், மழை ஆரம்பிக்கும் முன், அண்ணனை வைத்துத் திறந்து பார்த்தோம். ஒன்றில் சக்கரம் கையால் சுற்றவே இல்லை. இன்னொன்று சுற்றியது, ஸ்குரூடிரைவரின் முனையை ஹப்பில் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்தால் கரகரவென்று மணல் அரைக்கிற சத்தம். இரண்டையும் மாற்றியாகிவிட்டது. இனி மாசம் ஒரு முறை வாட்ச்மேன் சக்கரத்தைத் தூக்கி நாலு சுற்று சுற்றிவிடுவார்.

எங்கள் டிரெய்லருக்கு இப்போது ஒரு எக்ஸெல் ஷீட் இருக்கிறது. தச்சூரில் நிறுத்தி இரண்டு ஹப்பிலும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டி எண்ணைக் குறிப்பேன். எண் எவ்வளவு என்பதைவிட இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஐந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஏரிக்குப் போகாமல் திரும்பிவிடுவது என்று வைத்திருக்கிறோம். இதுவரை பதினோரு பயணம். ஒரு தடவை ஒன்பது டிகிரி வந்தது. திரும்பினோம். திறந்து பார்த்தால் நான் நட்டை ஒரு பல் அதிகம் இறுக்கியிருந்தேன்.

ஏரிக்கரையில் டீக்கடை இருக்கிறது. நாங்கள் போய் நின்றாலே கடைக்காரர் தம்ளரை எடுத்துவிடுகிறார்.